எம்பிஎல்எஸ் விபிஎன் வாடிக்கையாளருக்கு இணைய இணைப்பும் சேர்த்துத் தருதல்: முழுமையான வழிகாட்டி

கிளைகளை எம்பிஎல்எஸ் விபிஎன் (சேவை தருபவரின் நெட்வொர்க்குக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பிரித்துத் தரப்படும் தனி நெட்வொர்க்) வழியே இணைத்துக்கொண்ட வாடிக்கையாளர், சில மாதங்களில் அதே இணைப்பிலேயே இணையமும் வேண்டும் என்று கேட்பது வழக்கம். புதிதாக இந்த வேலைக்கு வரும் பொறியாளர்கள் உடனே விஆர்எஃப்புக்குள் (ரூட்டரில் அந்த வாடிக்கையாளருக்கு மட்டுமான ரூட்டிங் அட்டவணை) ஒரு டீஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாத பாக்கெட்டுகள் எல்லாம் போகும் வழி) எழுதிவிடுகிறார்கள். பாக்கெட் வெளியே போகிறது, திரும்பி வருவதில்லை. சில வேளைகளில் அதைவிட மோசமாக, ஒரு வாடிக்கையாளரின் பாக்கெட் இன்னொரு வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குள் போய் நிற்கிறது. இவ்விரண்டையும் தவிர்க்க, திரும்பும் பாதையை முதலில் அமைத்து, வெளியேறும் பாதையைக் கடைசியில் திறக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் படிகள் அந்த வரிசையிலேயே செல்கின்றன.

பாளையங்கோட்டையில் தலைமை அலுவலகமும், தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் ஆகிய ஊர்களில் கிடங்குகளும் உள்ள ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சேவை தருபவரின் நெட்வொர்க் வெளி இணையத்துடன் சேரும் இணைய கேட்வே வண்ணார்பேட்டையில் உள்ளது. தென்காசியிலும் வள்ளியூரிலும் பிஈ ரூட்டர்கள் (வாடிக்கையாளரின் இணைப்பு வந்து சேரும், சேவை தருபவரின் ரூட்டர்கள்) உள்ளன. ஏஎஸ் எண் (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்) 64500 என்றும், பொது முகவரித் தொகுதி 203.0.113.0/24 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் எடுத்துக்காட்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட எண்கள். உங்கள் எண்களை அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளுங்கள். கட்டளைகள் கருவிக்குக் கருவி மாறுவதால், கட்டளை வரிகளைத் தராமல், என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன். விஆர்எஃப், எல்டிபி (எம்பிஎல்எஸ் லேபிள்களைப் பரிமாறும் நெறிமுறை), பிஜிபி (ரூட்டுகளைப் பரிமாறும் நெறிமுறை) ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தவர்களுக்கானது இது.

1. தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

விபிஎன் மட்டும் குறையில்லாமல் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். வள்ளியூர்க் கிடங்கிலிருந்து தென்காசிக் கிடங்குக்கு முழு அளவு பாக்கெட், துண்டாகாமல் போக வேண்டும். இதில் குறை இருக்கும்போதே இணையத்தைச் சேர்த்தால், பிறகு எழும் ஒவ்வொரு புகாரும் இரண்டு காரணங்களில் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

அடுத்து, வாடிக்கையாளரின் நெட்வொர்க்கில் ஏற்கெனவே டீஃபால்ட் ரூட் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். தலைமை அலுவலகத்தில் தனியாக ஒரு பிராட்பேண்ட் இணைப்பை வைத்துக்கொண்டு, அதன் டீஃபால்ட் ரூட்டை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். அதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் இன்னொன்றை அனுப்பினால், எந்தக் கிளை எந்த வழியில் போகும் என்பதை பிஜிபி தன் விதிப்படி தீர்மானிக்கும். அது வாடிக்கையாளர் நினைத்த வழியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, கிளைவாரியாக முகவரிப் பட்டியல் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கிளையில் எந்தத் தனி முகவரித் தொகுதி, எந்த சர்வருக்கு வெளியிலிருந்து அணுகக்கூடிய பொது முகவரி வேண்டும், எந்தக் கிளைக்கு இணையமே வேண்டாம் என்பவை அதில் இருக்க வேண்டும். கிடங்குகளில் பில்லிங் கணினிக்கு இணையம் கூடாது என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அதை இப்போது கேட்பது எளிது.

2. முறையைத் தேர்ந்தெடுத்தல்

எம்பிஎல்எஸ் விபிஎன்னுக்கு அடிப்படையான இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஆர்எஃப்சி 4364, 2006-ஆம் ஆண்டு வெளியானது. விபிஎன்னிலிருந்து இணையத்தை அணுகுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் அதிலேயே சொல்லப்பட்டுள்ளன. நடைமுறையில் மூன்றைத்தான் நீங்கள் சந்திப்பீர்கள்.

முதலாவது, வாடிக்கையாளரின் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு சப்-இன்டர்ஃபேஸ்கள் தருவது: ஒரு விலேன் விபிஎன்னுக்கு, மற்றொன்று இணையத்துக்கு. எல்லாக் கிளைகளின் இணையப் போக்குவரத்தும் தலைமை அலுவலகத்தின் ஃபயர்வாலைக் கடந்தே வெளியேறும். தன் ஃபயர்வாலைத் தானே நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு இது மிகவும் பொருத்தமானது. ஆனால் தென்காசிக் கிடங்கு இறக்கும் ஒவ்வொரு கோப்பும் பாளையங்கோட்டை இணைப்பில் ஒருமுறை உள்ளே வந்து, மறுமுறை கிளையை நோக்கி வெளியே போகும். இந்தச் சுமையைக் கணக்கிடாமல் இணைப்பின் வேகத்தை முடிவு செய்தால், கிளைகள் இணையம் பார்க்கும் நேரத்தில் தலைமை அலுவலகம் திணறும்.

இரண்டாவது, வாடிக்கையாளரின் விஆர்எஃப்பிலிருந்து குளோபல் ரூட்டிங் அட்டவணைக்கு ஸ்டாட்டிக் ரூட் மூலம் கசியவிடுவது. ஒவ்வொரு பிஈயிலும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், போக ஒரு வரியும் வர ஒரு வரியும் எழுத வேண்டும். மூன்று வாடிக்கையாளர் வரை இது தாங்கும். முப்பது பேர் ஆனதும், விலகிப்போன வாடிக்கையாளரின் வரிகள் நீக்கப்படாமல் கிடந்து, அதே முகவரி வேறொருவருக்குத் தரப்படும் நாளில் பழுதாக வெளிப்படும். மேலும், இந்த ஸ்டாட்டிக் ரூட்டின் நெக்ஸ்ட் ஹாப்பாக (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய முகவரி) கேட்வேயின் லூப்பேக் முகவரியை (எந்த இணைப்பையும் சாராமல் ரூட்டருக்குள்ளேயே இருக்கும் முகவரி) கொடுத்திருந்தால், மேலே செல்லும் இணைய இணைப்பு அறுந்த பிறகும் லூப்பேக் உயிருடன் இருக்கும், ரூட் மறையாது, பாக்கெட்டுகள் கேட்வே வரை வந்து அழியும்.

மூன்றாவது, இணையத்துக்கென்றே தனி விஆர்எஃப் ஒன்றை உருவாக்கி, ரூட் டார்கெட்டுகள் (எந்த ரூட் எந்த விஆர்எஃப்புக்குள் போக வேண்டும் என்று காட்ட ரூட்டில் ஒட்டும் அடையாள எண்கள்) மூலம் அதை வாடிக்கையாளரின் விஆர்எஃப்புடன் இணைப்பது. திட்டமிட ஒரு நாள் கூடுதலாகச் செலவானாலும், புதிய வாடிக்கையாளரைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே இடத்தில் முடிவதால் இதையே நான் பரிந்துரைக்கிறேன். கீழே உள்ள படிகள் இந்த மூன்றாவது முறைக்கானவை.

3. இணைய விஆர்எஃப்பும் ரூட் டார்கெட் திட்டமும்

இணைய விஆர்எஃப் கேட்வே ரூட்டர்களில் மட்டும் இருந்தால் போதும். உலக ஐபிவி4 அட்டவணையில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டுகள் உள்ளன. அவற்றைத் தென்காசியிலும் வள்ளியூரிலும் உள்ள சிறிய பிஈக்களுக்குத் தள்ளினால் அவற்றின் ஃபார்வர்டிங் நினைவகம் நிரம்பிவிடும். அவற்றுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு டீஃபால்ட் ரூட்தான்.

காகிதத்தில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். 64500:101 என்பது இந்த வாடிக்கையாளரின் சொந்த விபிஎன்னுக்கான ரூட் டார்கெட். 64500:900 என்பது இணைய விஆர்எஃப்பிலிருந்து கீழே வரும் டீஃபால்ட் ரூட்டுக்கானது. 64500:901 என்பது வாடிக்கையாளர்களிடமிருந்து மேலே செல்லும் பொது முகவரிகளுக்கானது. இணைய விஆர்எஃப் 901-ஐ இறக்குமதி செய்யும். டீஃபால்ட் ரூட்டை மட்டும் 900 என்று ஏற்றுமதி செய்யும். வாடிக்கையாளரின் விஆர்எஃப் 101-ஐ இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்யும். கடைசிப் படியில் 900-ஐயும் இறக்குமதி செய்யும்.

901-இல் எதை அனுப்புவது என்பதே இந்த வேலை முழுவதிலும் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம். வாடிக்கையாளரின் தனி முகவரிகளை, அதாவது 10, 172.16, 192.168 வரிசைகளைச் சேர்ந்தவற்றை, ஒருபோதும் 901-இல் அனுப்பக் கூடாது. அனுப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் வாடிக்கையாளரின் கணினி, தன் விஆர்எஃப்பில் இல்லாத 10.40.1.5 என்ற முகவரிக்கு ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது. அது டீஃபால்ட் ரூட்டைப் பிடித்து இணைய விஆர்எஃப்புக்குச் செல்கிறது. அங்கே 10.40.1.0/24 இரண்டாவது வாடிக்கையாளருடையது என்று எழுதியிருப்பதால், பாக்கெட் அவருடைய அலுவலகத்துக்குப் போகிறது. அவரிடமும் டீஃபால்ட் ரூட் இருப்பதால் பதிலும் அதே வழியில் திரும்பி வருகிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு நிறுவனங்கள் ஒரே நெட்வொர்க்காகிவிடுகின்றன. இணையம் நன்றாகவே ஓடும் என்பதால் யாரும் புகார் சொல்லமாட்டார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதைத் தடுக்க இரண்டு பூட்டுகள் போடுங்கள். வாடிக்கையாளரின் விஆர்எஃப்பில், அவருக்குத் தரப்பட்ட பொது முகவரித் தொகுதிக்கு மட்டும் 901-ஐ ஒட்டும் ஏற்றுமதி விதி ஒன்று. இணைய விஆர்எஃப்பின் இறக்குமதியில், தனி முகவரிகள் எந்த வடிவில் வந்தாலும் மறுக்கும் வடிகட்டி ஒன்று. முதல் பூட்டைப் புதியவர் ஒருவர் ஒருநாள் தவறாகத் திருத்தக்கூடும். அன்று இரண்டாவது காப்பாற்றும்.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. ஏற்றுமதி விதியில் ரூட் டார்கெட்டைச் சேர்ப்பதற்கும் மாற்றி வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. சில கருவிகளில், சேர்க்க வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், 901 ஒட்டப்படும்போது 101 கழன்றுவிடும். அப்போது பாளையங்கோட்டை சர்வரின் பொது முகவரி உலகத்துக்கே தெரியும். வள்ளியூர்க் கிளைக்குத் தெரியாது. மற்றொன்று, ஒரு விஆர்எஃப்புக்குள் இறக்குமதியான ரூட் அங்கிருந்து தானாகவே மறுபடி ஏற்றுமதியாகும் என்ற எதிர்பார்ப்பு. பெரும்பாலான கருவிகளில் அப்படி ஆகாது. யாருக்கு எந்த ரூட் தேவையோ, அவர் அதன் மூல ரூட் டார்கெட்டையே இறக்குமதி செய்ய வேண்டும்.

4. நாட் எங்கே நடக்க வேண்டும்

தனி முகவரி கொண்ட கிளைக் கணினிகளுக்கு முகவரி மாற்றம், அதாவது நாட், தேவை. அது எங்கே நடக்க வேண்டும் என்பதற்கு ஒரே விதிதான்: பாக்கெட் எந்த விஆர்எஃப்பைச் சேர்ந்தது என்ற அடையாளம் அழியும் முன் நடக்க வேண்டும். நெல்லைச் சீமையில் ஊருக்கு ஊர் மேலத் தெரு உண்டு. ஊர்ப் பெயர் இல்லாமல் தெருப் பெயரை மட்டும் எழுதிய கடிதம் போய்ச் சேராது. 192.168.1.10 என்ற முகவரியும் அப்படித்தான். அது எந்த வாடிக்கையாளருடையது என்பதை விஆர்எஃப் மட்டுமே சொல்லும்.

ஆகவே வாடிக்கையாளரின் விஆர்எஃப்பை வண்ணார்பேட்டை கேட்வேயிலும் உருவாக்குங்கள். கிளைகளுக்கான டீஃபால்ட் ரூட்டை கேட்வேயில் உள்ள அந்த விஆர்எஃப்பே 101 வழியாக வெளியிடட்டும். பாக்கெட் அங்கே அதே விஆர்எஃப்பில் வந்திறங்கி, நாட்டில் பொது முகவரியைப் பெற்று, அதன்பிறகு இணைய விஆர்எஃப்புக்குள் நுழையும். இந்த அமைப்பில் 900-ஐ இறக்குமதி செய்வது கேட்வேயில் உள்ள விஆர்எஃப் மட்டுமே. கிளை பிஈக்கள் செய்யக் கூடாது. செய்தால் கிளைகளின் போக்குவரத்து நாட்டைத் தொடாமல் நேரே இணைய விஆர்எஃப்புக்குப் போய்விடும்.

எல்லாக் கணினிகளுக்கும் பொது முகவரி வைத்திருக்கும் வாடிக்கையாளர் இன்று அரிது. அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு நாட் தேவையில்லை. கிளை பிஈக்களே 900-ஐ நேரடியாக இறக்குமதி செய்துகொள்ளலாம்.

நாட் விதியில் எந்த மூல முகவரிகளை மாற்றுவது என்ற பட்டியலைக் கிளைகளின் தொகுதிகளோடு மட்டும் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், பொது முகவரி கொண்ட சர்வரின் போக்குவரத்தும் மாற்றப்பட்டு, வெளியிலிருந்து வரும் இணைப்புகள் முறியும்.

5. திரும்பும் பாதை

203.0.113.0/24 முழுவதற்கும் கேட்வேயின் இணைய விஆர்எஃப்பில் நல் இன்டர்ஃபேஸை (வரும் பாக்கெட்டை அழித்துவிடும் போலி இன்டர்ஃபேஸ்) நோக்கி ஒரு ஸ்டாட்டிக் ரூட்டை எழுதி, அதை மேல்நிலைச் சேவையாளருக்கு பிஜிபியில் அறிவியுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கீழே ஒரு வாடிக்கையாளரின் இணைப்பு விட்டு விட்டு வந்தாலும், உலகத்துக்குச் செய்யும் அறிவிப்பு அசையாமல் நிற்கும். அத்துடன், யாருக்கும் ஒதுக்கப்படாத முகவரிகளுக்கு வரும் பாக்கெட்டுகள் நல் இன்டர்ஃபேஸில் அழிந்துபோகும். இந்த ரூட் இல்லையென்றால் அவை டீஃபால்ட் ரூட்டைப் பிடித்து மேலே போய், மேலிருந்து மறுபடி கீழே வந்து, டிடிஎல் (பாக்கெட் கடக்கக்கூடிய ரூட்டர்களின் எண்ணிக்கை வரம்பு) தீரும் வரை சுழலும்.

/24-ஐவிடச் சிறிய தொகுதிகளைப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை. எனவே வாடிக்கையாளரின் /29 தொகுதியை வெளியே அறிவிக்க முயல வேண்டாம். அது உங்கள் இணைய விஆர்எஃப்புக்குள் 901 வழியாக வந்து நின்றால் போதும். உங்கள் தொகுதிக்கான ஆர்ஓஏ பதிவில் (ஒரு தொகுதியை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று சொல்லும் கையொப்பமிட்ட பதிவு) ஏஎஸ் எண்ணும் தொகுதி அளவும் சரியாக உள்ளனவா என்பதையும் இப்போதே பாருங்கள். தவறான பதிவு இருந்தால், சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் உங்கள் அறிவிப்பைத் தள்ளிவிடும். சில தளங்கள் திறக்கும், சில திறக்காது என்ற குழப்பமான புகார்தான் மிஞ்சும்.

எதிர்த்திசையில் ஒரு வடிகட்டியும் தேவை. உங்கள் பொது முகவரித் தொகுதியைச் சேராத மூல முகவரி கொண்ட எந்தப் பாக்கெட்டும் மேல்நிலை இணைப்பில் வெளியேறக் கூடாது. போலி மூல முகவரித் தாக்குதல்களைத் தடுக்க 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2827 பரிந்துரைத்த நடைமுறை இது. நாட் விதியில் விடுபட்ட கிளை ஏதேனும் இருந்தால், இந்த வடிகட்டியின் எண்ணிக்கை ஏறுவதைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

இவை முடிந்ததும், வெளியே உள்ள ஏதேனும் ஓர் இடத்திலிருந்து வாடிக்கையாளரின் பொது முகவரிக்கு டிரேஸ்ரூட் ஓட்டுங்கள். அது வண்ணார்பேட்டை வரை வந்தால், திரும்பும் பாதை தயார்.

6. டீஃபால்ட் ரூட்டைத் திறத்தல்

மேல்நிலைச் சேவையாளரிடமிருந்து டீஃபால்ட் ரூட்டை பிஜிபியில் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டாட்டிக்காக எழுத வேண்டாம். அவருடைய பிஜிபி விழும்போது ரூட்டும் தானாகவே மறையும் என்பதே காரணம்.

கேட்வேயில் லேபிள் (பாக்கெட்டை எங்கே தள்ளுவது என்று காட்ட எம்பிஎல்எஸ் அதன் மேல் ஒட்டும் எண்) எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு ரூட்டுக்கும் தனி லேபிள் ஒதுக்கும் கருவியில், டீஃபால்ட் ரூட்டின் லேபிளோடு வரும் பாக்கெட், ஐபி அட்டவணையில் தேடப்படாமல் நேரே அந்த ரூட்டின் நெக்ஸ்ட் ஹாப்புக்குத் தள்ளப்படும். விஆர்எஃப் முழுவதற்கும் ஒரே லேபிள் என்று மாற்றிவிட்டால், கேட்வேயில் மறுபடி தேடல் நடக்கும். உங்களின் இன்னொரு வாடிக்கையாளருடைய பொது முகவரிக்குச் செல்லும் பாக்கெட் மேலே போகாமல் அங்கேயே திரும்பிவிடும்.

பின்னர், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட நேரத்தில், கேட்வேயின் விஆர்எஃப்பில் 900-ஐ இறக்குமதி செய்து, கிளைகளுக்கு டீஃபால்ட் ரூட்டை வெளியிடுங்கள். முதலில் ஒரு கிளைக்கு மட்டும் செய்வது நல்லது. மற்றக் கிளைகளின் சிஈ ரூட்டர்களுக்கு (வாடிக்கையாளர் இடத்தில் உள்ள ரூட்டர்கள்) அது போகாமல் பிஈயில் தடுத்து வைக்கலாம். வள்ளியூர் ஒரு வேலைநாள் முழுவதும் நன்றாக ஓடிய பிறகு மற்றவற்றைத் திறங்கள்.

7. எம்டியு

"தம்பி, பில் ஓடுது, பிங் போகுது, ஜிஎஸ்டி தளம் மட்டும் தொறக்க மாட்டக்கு" என்று தொலைபேசி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது எம்டியு, அதாவது ஓர் இணைப்பு ஒரே துண்டாக ஏற்கும் மிகப் பெரிய பாக்கெட் அளவு.

விபிஎன் பாக்கெட்டின் மேல் இரண்டு லேபிள்கள் ஏறும். ஒவ்வொன்றும் 4 பைட். 1500 பைட் பாக்கெட் மைய இணைப்பில் 1508 ஆகிறது. டிராஃபிக் இன்ஜினியரிங் லேபிளும் சேர்ந்தால் 1512. இடையில் 1500-க்கு மேல் ஏற்காத ஒரு ஸ்விட்ச்சோ, வாடகைக்கு எடுத்த இணைப்போ, வயர்லெஸ் தொடர்போ இருந்தால், சிறிய பாக்கெட்டுகள் போகும், பெரியவை சத்தமில்லாமல் விழும். பாதுகாப்பான தளங்கள் இணைப்பின் தொடக்கத்திலேயே சான்றிதழைப் பெரிய பாக்கெட்டுகளில் அனுப்புவதால் அவை முதலில் நின்றுபோகும். கிளைகளுக்கிடையிலான பில்லிங் தகவல் சிறிதாக இருந்தால், இந்தக் குறை மாதக்கணக்கில் தெரியாமலே கிடந்திருக்கும். இணையம் வந்த அன்று வெளிப்படும்.

துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட் தரவு கொண்ட பிங்கைக் கிளையிலிருந்து கேட்வே வரை அனுப்புங்கள். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்து அது சரியாக 1500 ஆகும். போகவில்லையென்றால் மைய இணைப்புகளின் எம்டியுவை உயர்த்துவதே முறையான தீர்வு. டிசிபி எம்எஸ்எஸ் அளவை (ஒரு டிசிபி பாக்கெட் சுமக்கும் தரவின் உச்ச அளவு) குறைத்து வைப்பது அன்றைய புகாரைத் தீர்க்கும். ஆனால் டிசிபி அல்லாத போக்குவரத்துக்கு அது எந்த உதவியும் செய்யாது. குறைத்து வைத்தால், அதை நீக்கும் நாளையும் அப்போதே குறித்துவையுங்கள்.

8. சோதனை வரிசை

கேட்வேயில் தொடங்கிக் கிளையை நோக்கிச் செல்லும் வரிசையில் சோதியுங்கள்: கேட்வேயின் இணைய விஆர்எஃப்பிலிருந்து, பிறகு கேட்வேயில் உள்ள வாடிக்கையாளர் விஆர்எஃப்பிலிருந்து, பிறகு கிளை பிஈயிலிருந்து, பிறகு சிஈயிலிருந்து, கடைசியாக ஒரு கணினியிலிருந்து. எந்தப் படியில் நிற்கிறதோ, பழுது அதற்கும் முந்தைய படிக்கும் இடையில் இருக்கிறது.

ஒவ்வொரு பிங்கிலும் மூல முகவரியைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் ரூட்டர் பெரும்பாலும் தன் இணைப்பு முகவரியை எடுத்துக்கொள்ளும், அது நாட் பட்டியலில் இருக்காது, பிங் தோற்கும். நன்றாக இருக்கும் அமைப்பை உடைந்ததாக எண்ணிக் கலைத்துப்போடுவது இங்கேதான் அதிகம் நடக்கிறது.

தோற்க வேண்டிய சோதனைகளையும் செய்யுங்கள். இந்த வாடிக்கையாளரின் கிளையிலிருந்து மற்றொரு வாடிக்கையாளரின் தனி முகவரிக்கு பிங் போகக் கூடாது. இணையம் வேண்டாம் என்று சொன்ன பில்லிங் கணினி வெளியே போகக் கூடாது. வெளியிலிருந்து பிஈக்களின் நிர்வாக முகவரிகளை அணுக முடியக் கூடாது.

9. இணையம் விபிஎன்னை நெருக்காமல் காத்தல்

ஒரே இணைப்பில் இரண்டும் ஓடுவதால், யாரோ ஒருவர் பார்க்கும் காணொளி பில்லிங்கை முடக்கக்கூடும். சிஈ ரூட்டரில் மட்டும் முன்னுரிமை விதி எழுதிவிட்டு விடுவது பரவலான தவறு. கிளைக்குள் வரும் திசையில்தான் நெரிசல் ஏற்படுகிறது. ஆகவே பிஈயிலிருந்து சிஈயை நோக்கிய இன்டர்ஃபேஸிலும் விதி வேண்டும். கேட்வேயில் இணையத்திலிருந்து நுழையும் எல்லாப் பாக்கெட்டுகளின் முன்னுரிமைக் குறியையும் பூஜ்யமாக்கிவிடுங்கள். இல்லையென்றால் வெளியே யாரோ இட்ட குறி உங்கள் வாடிக்கையாளரின் பில்லிங்குக்கு முன்னால் போய் நிற்கும்.

10. இரண்டாவது கேட்வே

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் புகுந்ததைக் கண்டவர்களுக்கு, இரண்டு கேட்வேக்களையும் ஒரே தாழ்வான பகுதியில் வைக்கக் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை. இடமும், மின்சாரமும், மேல்நிலை ஃபைபர் செல்லும் சாலையும் வேறுவேறாக இருக்கட்டும்.

அமைப்பில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, இரு கேட்வேக்களிலும் ஒரே ரூட் டிஸ்டிங்விஷர் (ஒரே முகவரி கொண்ட ரூட்டுகளைப் பிரித்துக் காட்ட முன்னால் சேர்க்கும் எண்) இருந்தால், ரூட் ரிஃப்ளெக்டர் (பிஈக்களுக்கிடையே பிஜிபி ரூட்டுகளைப் பகிரும் ரூட்டர்) இரண்டு டீஃபால்ட் ரூட்டுகளையும் ஒன்றாகவே கருதிச் சிறந்ததை மட்டும் கீழே அனுப்பும்; முதல் கேட்வே விழுந்த பிறகே இரண்டாவது ரூட் கிளை பிஈக்களுக்குப் போய்ச் சேரும். வேறுவேறு டிஸ்டிங்விஷர் கொடுத்தால் இரண்டும் முன்கூட்டியே கையில் இருக்கும். மற்றொன்று, நாட்டுக்கான பொது முகவரிகளை இரு கேட்வேக்களுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே தொகுதியை இரண்டிலும் வைத்தால், ஒன்றின் வழியே போன இணைப்பின் பதில் மற்றதில் வந்திறங்கி, அங்கே பதிவு இல்லாததால் விழும். கேட்வே மாறும் கணத்தில் நடப்பில் உள்ள இணைப்புகள் அறுபடும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

11. பதிவுகள்

இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களுடன், அல்லது அவற்றிலிருந்து நேரத்தைப் பெறும் சர்வர்களுடன் ஒத்திசைக்க வேண்டும். உங்கள் சேவை உரிமத்தில் இதைவிட நீண்ட காலம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நாட் பதிவில் நேரம், உள் முகவரி, உள் போர்ட், வெளி முகவரி, வெளி போர்ட் ஆகியவற்றோடு விஆர்எஃப் பெயரும் இருக்க வேண்டும். அது இல்லாத பதிவில் 192.168.1.10 யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. விசாரணை வரும் நாளில் தொடர்பில்லாத ஒருவரின் பெயர் சுட்டப்படும் அபாயம் உண்டு. சேவையை ஒப்படைக்கும் முன், அம்பாசமுத்திரத்தில் ஒரு கணினியிலிருந்து ஒரு தளத்தைத் திறக்கச் சொல்லி, வெளி முகவரி, வெளி போர்ட், நேரம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பதிவிலிருந்து அந்தக் கணினி வரை உங்களால் வந்துசேர முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒப்படைக்கலாம்.